நோவும் மிகுதியும்: 'சோர்' என்னும் ஜெர்மானியச் சொல்லின் வரலாறும் தமிழ் ஒப்பீடும்

ஒஸ்லோ நகரின் வடகிழக்கிலுள்ள ரொம்சோஸ், 1970களில் எழுந்த குடியிருப்பு. ஈழத்தமிழரும் வாழும் அப்பகுதியில் புண்ணுக்கு வழங்கும் நோர்வேஜியச் சொல் 'சோர்' என்பதாகும். தமிழ்ச் செவிக்கு அது 'சோர்வு' என்பதை நினைவூட்டும். ஒலியொப்புமை கண்டவிடத்து உறவு கூறும் போக்கு நம்மிடையே உண்மையால், அச்சொல்லின் வரலாற்றை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

ஜெர்மானிய மூலமொழியில் அதன் அடி 'சைர' என மீட்டமைக்கப்படுகிறது. பழைய நோர்ஸ் மொழியிலும் பழைய ஆங்கிலத்திலும் அது 'சார்' ஆயிற்று; பின்னரே இரு மொழிகளிலும் ஆகாரம் ஓகாரச் சாயல் பெற்றது. பண்டைக் காலத்தில் இச்சொல்லைக் கடன்கொண்ட ஃபின்னிய மொழி, 'சைராஸ்' என ஐகார ஒலியை இன்றும் காத்து நிற்கிறது. ஆதலின் தமிழ்ச் 'சோர்வு' உடனான ஒப்புமை தற்செயலானதே.

பொருள் மாற்றமோ ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோர்வேஜியத்தில் அச்சொல் புண்ணையும் மனக்காயத்தையும் குறிக்கும். ஃபின்னியத்தில் 'நோயுற்ற' எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவிக்கும் 'சாரி' இவ்வடியிற் பிறந்ததே. துயரைக் குறிக்கும் 'சாரோ' வேறு அடியினது. ஜெர்மனிலோ 'நோவுண்டாக' என்னும் வினையடை நாளடைவில் நோவை இழந்து, 'ஸேர்' என 'மிக' என்னும் பொருளில் மட்டும் நிலைத்தது. பழைய நோர்வேஜிய விவிலிய மொழிபெயர்ப்புகளிலும் 'சோரெ' என்பது 'மிக' எனும் பொருளில் ஆளப்பட்டுள்ளது.

இப்பொருட்பாதைகள் தமிழுக்குப் புதியனவல்ல. 'கால் கடுக்கிறது' என்புழி 'கடு' நோவைச் சுட்டும். 'கடுங்குளிர்' என்புழி மிகுதியைச் சுட்டும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் உடற்பிணியாக வரும் 'நோய்', காமத்துப்பாலில் காதல் துயராக வருகிறது. இன்றைய வழக்கில் 'நோய்' பெரும்பாலும் பிணியளவிற் சுருங்கினும், ஈழத்தமிழர் பேச்சில் உடலும் 'நோகும்', மனமும் 'நோகும்'. எனவே முதியோர் ஒருவரின் 'நோ' என்னும் சொல்லை மருத்துவரிடம் 'நோய்' என மொழிபெயர்ப்பது பிழையாகும்.

இரு மொழிக் குடும்பங்களுக்கும் இங்கு அடிச்சொல் உறவு இல்லை. மாந்தர் நோவை உணர்ந்து பெயரிடும் முறையிலேயே ஒற்றுமை உள்ளது. புலம்பெயர் தமிழாய்வு நாட வேண்டியது அவ்வொற்றுமையையே.