ரகசியம் இல்லாத பெட்டி: சின்ன ஸ்பீக்கரின் கதை

புத்தக அலமாரியில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர். கடையில் ரெடிமேடாக வாங்கியது இல்லை, 'கிட்' ஆக வந்தது. அட்டைப்பெட்டியைத் திறந்தால் அளவாக வெட்டிய எம்.டி.எஃப். பலகைகள், ஊஃபர், ட்வீட்டர், சில கெப்பாசிட்டர்கள், செம்புக் கம்பிச் சுருள்கள், ரெசிஸ்டர்கள், கொஞ்சம் பஞ்சு, எதை எங்கே இணைப்பது என்று சொல்லும் ஒரு தாள். பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, காயவிட்டு, சால்டரிங் வைத்து, ஸ்க்ரூ முடுக்கினால் ஒரு சனி ஞாயிறில் வேலை முடிந்துவிடும்.

செய்தவருக்கு ஒலியியல் ஒரு வரிகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பெட்டி நன்றாகப் பாடுகிறது. எப்படி?

பலகையும் பசையும் காரணமில்லை. யாரோ, எங்கேயோ, எப்போதோ போட்ட கணக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்கள் அதைப் பூட்டி வைக்காமல் விட்டதால்தான் இன்று அது ஒரு சாதாரண மனிதரின் மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றியது.

ஸ்பீக்கருக்கு ஏன் பெட்டி?

1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் ஒரு புதுவகை ஒலிபெருக்கியைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் அசையும், காற்று அதிரும். இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அடிப்படையில் இதேதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று விரிகிறது. தாழ்ந்த சுரங்களில், அதாவது 'பேஸ்' ஒலியில், இந்த இரண்டு அலைகளும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட வைத்தால் சத்தம் தகரம் மாதிரிக் கேட்பது இதனால்தான். பின்பக்க அலையை எப்படியாவது தடுத்தாக வேண்டும்.

அதற்காக அந்தக் காலத்து ரசிகர்கள் செய்யாத வேலை இல்லை. பெரிய பலகையில் ஓட்டை போட்டு மாட்டினார்கள். வீட்டுச் சுவரிலும் அலமாரிக் கதவிலும் ஓட்டை போட்டு மாட்டியவர்களும் உண்டு. மூடிய பெட்டி செய்தால் அது பீரோ சைஸுக்கு இருக்க வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. சின்னப் பெட்டி என்றால் பேஸ் கிடையாது, அவ்வளவுதான்!

சைக்கிள் பம்பு சொன்ன பாடம்

ஏன் கிடையாது? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று ஸ்ப்ரிங் மாதிரித் திருப்பித் தள்ளும். மூடிய பெட்டியிலும் இதுவே நடக்கிறது. பெட்டி சின்னதாக ஆக ஆக உள்ளே இருக்கும் காற்று கடினமான ஸ்ப்ரிங் ஆகிறது. கூம்பை அதன் சட்டத்தோடு பிடித்திருக்கும் விளிம்பு ஏற்கெனவே ஒரு ஸ்ப்ரிங். இரண்டு ஸ்ப்ரிங்கும் சேர்ந்தால் கூம்பு விறைத்துப் போகும், பேஸ் காணாமல் போகும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எட்கர் வில்ச்சர் இதையே தலைகீழாக யோசித்தார். காற்று எப்படியும் ஸ்ப்ரிங்காக இருக்கப் போகிறது, அப்புறம் கூம்பின் விளிம்பு எதற்கு விறைப்பாக இருக்க வேண்டும்? அதைத் தொளதொளவென்று ஆக்கிவிட்டு, கூம்பைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையைக் காற்றிடமே விட்டால் என்ன? துணி, காகித விளிம்புகளைவிடக் காற்று ஒழுங்கான ஸ்ப்ரிங். எவ்வளவு அமுக்கினாலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் திருப்பித் தள்ளும். அப்படியென்றால் சின்னப் பெட்டியில் பேஸ் வருவதோடு, அந்த பேஸ் பெரிய பெட்டியில் வருவதைவிடச் சுத்தமாகவும் இருக்க வேண்டுமே!

முதல் மாதிரியை வீட்டில்தான் செய்து பார்த்தார். மெத்தை உறை தைக்கிற துணியில் தொளதொளப்பான விளிம்பு செய்து கொடுத்தவர் அவர் மனைவி ரோஸ்மேரி. பெட்டி, ப்ளைவுட். உலகத்தின் ஸ்பீக்கர் அளவையே மாற்றிய கண்டுபிடிப்பு, வீட்டில் செய்த ஒரு கைவேலையாகத்தான் பிறந்தது.

இருக்கிற கம்பெனிகளிடம் யோசனையைக் கொண்டுபோனார். யாரும் வாங்கவில்லை. கடைசியில் அவருடைய மாணவர் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து 1954-ல் மாசசூசெட்ஸின் கேம்ப்ரிட்ஜில் 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதே ஆண்டு வெளிவந்த அவர்களுடைய முதல் ஸ்பீக்கர் ஏ.ஆர்.-1. 12 அங்குல ஊஃபர், ஆனால் பெட்டியின் கொள்ளளவு இரண்டு கன அடிக்கும் குறைவு! 'புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்' என்ற வகையே இங்கிருந்துதான் வேர்விட்டது.

வில்ச்சருக்கு 1956-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் போட்டிக் கம்பெனியான எலெக்ட்ரோ-வாய்ஸ் அதை எதிர்த்தது. முன்பே இருந்த வேறொரு காப்புரிமையைக் காரணம் காட்டி வில்ச்சரின் உரிமை செல்லாது என்று ஆனது. வில்ச்சர் மேல்முறையீடு செய்யவில்லை. அதன்பின் யார் வேண்டுமானாலும் இந்த வகைப் பெட்டியைச் செய்யலாம் என்ற நிலை வந்தது. பெரிய கம்பெனிகளும் செய்தன, வீட்டில் ரம்பம் வைத்திருந்தவர்களும் செய்தார்கள்.

பத்து வருடம் தூங்கிய கட்டுரை

மூடிய பெட்டிக்கு இப்படி ஒரு வழி கிடைத்துவிட்டது. ஆனால் இன்னொரு வகைப் பெட்டி உண்டு. முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு குழாய் வைத்திருப்பார்களே, அந்த 'பேஸ் ரிஃப்ளெக்ஸ்' பெட்டி. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். வீணாகும் பின்பக்க அலையைக் குழாய் வழியாகத் திருப்பி எடுத்துப் பயன்படுத்துவது இதன் தந்திரம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழாய் எவ்வளவு நீளம்? எவ்வளவு அகலம்? பெட்டி எத்தனை லிட்டர்? இதற்கெல்லாம் ஒழுங்கான பதில் பல வருடங்களுக்கு இல்லை. செய், கேள், வெட்டு, மறுபடி கேள் என்பதுதான் முறை. சரியாக அமைந்தால் அதிர்ஷ்டம். அமையாவிட்டால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரத்தில் 'பூம் பூம்'.

பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நெவில் தீல் என்ற பொறியாளர் பெட்டியையும் கூம்பையும் குழாயையும் ஒரு மின்சுற்றாகப் பார்த்தார். ரேடியோ பொறியாளர்களுக்கு நன்றாகப் பழகிய 'ஃபில்டர்' கணக்கை அப்படியே மரப்பெட்டிக்குப் பொருத்தினார். 28 வகைப் பொருத்தங்களை அட்டவணையாகவே போட்டுக் கொடுத்தார். ஸ்பீக்கரின் சில எண்கள் தெரிந்தால் போதும், பெட்டியின் கொள்ளளவையும் குழாயின் சுருதியையும் அட்டவணையில் பார்த்துச் சொல்லிவிடலாம்!

இந்தக் கட்டுரை 1961-ல் ஆஸ்திரேலிய ரேடியோ பொறியாளர்களின் இதழில் வந்தது. வெளியுலகில் கவனித்தவர்கள் மிகச் சிலரே. பத்து வருடம் கழித்து, 1971-ல் அமெரிக்காவின் ஆடியோ பொறியியல் சங்க இதழ் அதை மறுபதிப்பு செய்த பிறகுதான் உலகம் விழித்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்மால், 1972-லும் 1973-லும் அதே இதழில் தொடர் கட்டுரைகள் எழுதி, மூடிய பெட்டி, குழாய் வைத்த பெட்டி எல்லாவற்றையும் ஒரே கணக்கின் கீழ் கொண்டுவந்தார்.

இன்று எந்த ஊஃபரை வாங்கினாலும் கூட வரும் தாளில் சில எண்கள் இருக்கும். கூம்பு தானாக அதிரும் அதிர்வெண், அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதற்கு ஓர் எண், விளிம்பின் ஸ்ப்ரிங் தன்மை எத்தனை லிட்டர் காற்றுக்குச் சமம் என்பதற்கு இன்னோர் எண். இவற்றுக்கு 'தீல்-ஸ்மால் அளவுகள்' என்றே பெயர். தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு வோல்ட்மீட்டர், ஒரு ரெசிஸ்டர், கூம்பில் ஒட்ட எடை தெரிந்த ஒரு சின்னப் பொருள், இவை இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம். கைராசி வேலை கணக்கு வேலையாக மாறிய இடம் இது.

வேனுக்குள் பிறந்த பெட்டி

இதே காலத்தில் இங்கிலாந்தின் பி.பி.சி.க்கு வேறொரு தேவை இருந்தது. வெளியூர் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் வேனுக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடம் இல்லை. ஆனால் பேசுபவரின் குரல் இயல்பாக இருக்கிறதா என்பதை அங்கேயே உட்கார்ந்து கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஸ்டூடியோக்களின் ஒலியமைப்பை எட்டில் ஒரு பங்கு அளவு மாதிரிகளில் சோதிப்பதற்காகப் பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவு ஏற்கெனவே ஒரு குட்டி ஸ்பீக்கர் செய்திருந்தது. அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான் எல்.எஸ். 3/5ஏ.

உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ. உள்ளே கே.இ.எஃப். கம்பெனியின் பி110 ஊஃபரும் டி27 ட்வீட்டரும். பெட்டி மெல்லிய பிர்ச் ப்ளைவுட், அதன் உட்சுவரில் அதிர்வை விழுங்கும் தகடுகள். விளிம்பில் பட்டு ஒலி சிதறாமல் இருக்க ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளிப் பட்டை. இந்த அளவுப் பெட்டியில் அடி ஆழத்து பேஸ் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே லேசான ஒரு மேடு வைத்தார்கள். காதுக்கு பேஸ் குறைவது அவ்வளவாகத் தெரியாது.

ஹார்வுட், வாட்டன், மில்ஸ் என்ற மூன்று பொறியாளர்கள் 1976-ல் இந்த வடிவமைப்பைப் பற்றி ஆராய்ச்சி அறிக்கையே எழுதி வெளியிட்டார்கள். கம்பெனிகள் பி.பி.சி.யிடம் உரிமம் பெற்றுத்தான் இதைச் செய்து விற்றன. ஆனால் ஒரு நல்ல சின்ன ஸ்பீக்கர் எப்படி யோசிக்கப்படுகிறது என்ற பாடம், படிக்க விரும்பிய எல்லோர் கைக்கும் வந்தது. பி110, டி27 இரண்டும் தனியாகவும் கிடைத்ததால் அவற்றை வைத்து வீட்டில் பெட்டி செய்தவர்கள் ஏராளம்.

கணக்கு கிட்டுக்குள் வந்தது

எலெக்ட்ரானிக் சாமான்களைக் கிட்டாக விற்பது அமெரிக்காவில் 1947-லேயே ஹீத்கிட் கம்பெனியின் ஆசிலோஸ்கோப்போடு பிரபலமாகிவிட்டது. பிறகு ஸ்பீக்கர் கிட்டுகளும் வந்தன. ஆனால் தீல்-ஸ்மால் கணக்கு பரவிய பிறகுதான் வீட்டில் செய்பவர் கம்பெனிப் பொறியாளரின் அதே மேஜையில் உட்கார முடிந்தது. வான்ஸ் டிக்கசன் எழுதிய ஸ்பீக்கர் வடிவமைப்புப் புத்தகம் 1977-ல் வந்தது. 'ஸ்பீக்கர் பில்டர்' என்று தனிப் பத்திரிகையே 1980-ல் தொடங்கியது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கை இன்று இலவச மென்பொருள் ஒரு நொடியில் போட்டுவிடுகிறது.

அப்படியென்றால் கிட் எதற்கு, நாமே எல்லாம் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். பெட்டியின் கணக்கு எளிதாகிவிட்டது உண்மை. ஆனால் கிராஸ்ஓவர் இன்னும் எளிதாகவில்லை. பேஸை ஊஃபருக்கும் உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் அந்தச் சின்னச் சுற்றை வெறும் பாடப்புத்தகச் சூத்திரத்தால் அமைக்க முடியாது. அந்தந்த ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கம், முன்பலகையின் அகலம், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் எல்லாம் அதைப் பாதிக்கும். மைக் வைத்து அளந்து, கேட்டு, மாற்றி, மறுபடி அளந்துதான் முடிவுக்கு வர முடியும். கிட் வாங்குபவர் காசு கொடுப்பது பெரும்பாலும் இந்த உழைப்புக்குத்தான். அதனால்தான் கிட்டில் பெட்டியின் நிறத்தை மாற்றலாம், மேலே தேக்கு வெனீர் ஒட்டலாம், ஆனால் முன்பலகையின் அளவைத் தொடக்கூடாது. ட்வீட்டர் ஓட்டையை இரண்டு அங்குலம் நகர்த்தினால் அது வேறு ஸ்பீக்கர்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நல்ல கிட்டாக இருந்தாலும் இயற்பியலை ஏமாற்ற முடியாது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சக்தியில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும். இதற்கு 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று பெயர். ஏ.ஆர்.-1 ஆழமான பேஸை எடுத்துக்கொண்டு சத்தத்தை விட்டது, அதற்குச் சக்தி வாய்ந்த ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது. எல்.எஸ். 3/5ஏ பெட்டியை இன்னும் சின்னதாக்கி, பேஸ், சத்தம் இரண்டிலுமே விட்டுக்கொடுத்துக் குரலைக் காப்பாற்றியது. நல்ல வடிவமைப்பாளர் எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுகிறார்.

வில்ச்சர் 1967-ல் தன் கம்பெனியை விற்றுவிட்டு, காது கேளாதவர்களுக்கான கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் வெவ்வேறு அளவில் பெருக்கும் முறை ஒன்றை உருவாக்கி, 1973-ல் எழுதி வெளியிட்டார். இந்தத் தடவை அவர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை, எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். பின்னாளில் காது கருவி செய்யும் கம்பெனிகள் பல அந்த வழியையே பின்பற்றின. 2011-ல் அவர் இறந்தபோது அவருக்கு வயது 94.

சனி ஞாயிறில் செய்து முடித்த அந்த ஜோடி ஸ்பீக்கர் அலமாரியில் பாடிக்கொண்டிருக்கிறது. கூடவே வந்த தாளில் இந்தப் பெயர்கள் எதுவும் இல்லை. ஆனால் பெட்டியின் ஒவ்வொரு அளவிலும் இவர்கள் இருக்கிறார்கள்.