கரையிலிருந்து விமானம் வரை: சக்கர நாற்காலிப் பயணத்தின் வரலாறு

முத்துக்குளித்துறை மக்களுக்குப் பயணம் புதிதன்று. காயல்பட்டினத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நம் முன்னோர் வணிகத்திற்காக இலங்கைக்கும் கீழை நாடுகளுக்கும் கடல் கடந்தனர். எத்தனை கப்பல்கள், எத்தனை சரக்குகள் என்பதையெல்லாம் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ஆயினும் நடக்க இயலாத ஒருவர் அக்கப்பல்களில் எவ்வாறு ஏறினார் என்று தேடினால் விடை அரிதாகவே கிடைக்கும். அவர்களுள் பெரும்பாலோர் கரையிலேயே தங்கிவிட்டனர் என்றுதான் நாம் எண்ண வேண்டியுள்ளது.

காரணம் எளிது. பழைய தூத்துக்குடித் துறைமுகம் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் கரையை விட்டுப் பல மைல் தள்ளியே நங்கூரமிட்டன. பயணிகள் படகில் சென்று, அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலில் ஏற வேண்டும். கால் வலுவுள்ளவர்க்கே அது கடினம். ஆழமான புதிய துறைமுகம் 1974இல்தான் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஹஜ்ஜுக்கு மும்பையிலிருந்து கப்பலில் செல்லும் வழக்கமும் 1995 வரை நீடித்தது. அதன் பின் இந்திய ஹாஜிகளின் பாதை வானமாயிற்று.

ஆனால் நடக்க இயலாதவருக்கு வழி செய்து கொடுப்பது மார்க்கத்திற்குப் புதிதன்று. இறுதி ஹஜ்ஜின்போது தமக்கு உடல் நலமில்லை என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் முறையிட்டார்கள். மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தவாறு தவாஃப் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வீட்டில் இருந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. கடமையையும் விடவில்லை, உடலையும் வருத்தவில்லை, வாகனத்தை வழியாக்கினார்கள். இன்று ஹரமில் சக்கர நாற்காலியில் தவாஃப் செய்பவர்களைக் காணும்போது இந்நிகழ்வை நாம் நினைவுகூர வேண்டும்.

வானப் பயணத்தில் இந்த உரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. தூத்துக்குடிக்கு அருகே வாகைக்குளத்தில் விமான நிலையம் 1992இல் தொடங்கப்பட்டது. அங்கு நெடுங்காலம் வந்து சென்றவை பெரும்பாலும் சிறிய ஏ.டி.ஆர் விமானங்கள். அவற்றில் படியேறித்தான் நுழைய வேண்டும். படியேற இயலாதவரை எவ்வாறு ஏற்றுவது என்ற கேள்வி நாடு முழுவதும் இருந்தது.

மாற்றுத்திறனாளிகளின் விமானப் பயணத்திற்கென விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ 2008இல் விதிகளை வெளியிட்டது. ஆயினும் 2012 பிப்ரவரி 19 அன்று, பெருமூளை வாதம் கொண்ட ஜீஜா கோஷ் என்ற செயற்பாட்டாளர், கொல்கத்தாவிலிருந்து கோவா செல்லும் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் இருக்கையில் அமர்ந்த பின்னும் இறக்கிவிடப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2014இல் விதிகள் திருத்தப்பட்டன. 2016 மே 12 அன்று நீதிமன்றம் அவருக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. மனித மாண்பே அத்தீர்ப்பின் உயிர்நாடி. அதே ஆண்டில் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நிறைவேறியது.

2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்த இண்டிகோ நிறுவனத்திற்கு 5 இலட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதன் பின் விதி மேலும் இறுக்கப்பட்டது. உடற்குறையைக் காரணம் காட்டிப் பயணத்தை மறுக்கக் கூடாது. வழியில் உடல்நிலை கெடும் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் நேரில் பரிசோதிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

இவ்வளவு போராட்டத்திற்குப் பின் கிடைத்ததை நம் குடும்பங்கள் அறிந்து பயன்படுத்த வேண்டும். பயணத்திற்குக் குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன் விமான நிறுவனத்திடம் தேவையைத் தெரிவிக்க வேண்டும். அப்போது மூன்று நிலைகளுள் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். படியேற முடியும், நெடுந்தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர், படியேறவும் முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ், இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. இந்த ஓர் எழுத்து மாறினால், ஆம்புலிஃப்ட் எனும் தூக்கு வண்டி வர வேண்டிய இடத்தில் படிக்கட்டு மட்டுமே காத்திருக்கும். மின்கலத்தில் இயங்கும் நாற்காலி என்றால் மின்கல வகையையும் முன்பே கூற வேண்டும்.

நம் பகுதியிலிருந்து உம்ராவுக்குச் செல்வோர் பலர் சென்னை வழியாகச் செல்கின்றனர். அங்கு உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்திற்கு மாற வேண்டும். இரண்டும் தனித்தனிப் பயணச்சீட்டு என்றால் இரு நிறுவனங்களிடமும் தனித்தனியே பதிவு செய்வது அவசியம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், நாற்காலிக்கு முன்பதிவு செய்திருந்த 80 வயதுப் பயணி ஒருவர், தட்டுப்பாட்டால் ஒரே நாற்காலி கிடைக்க, அதை மனைவிக்குக் கொடுத்துவிட்டுத் தாம் நடந்தார். வழியில் மயங்கி விழுந்து இறந்தார். ஏர் இந்தியாவுக்கு 30 இலட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பொறுப்பு நிறுவனத்துடையதே. எனினும், வரிசையைத் தவிர்ப்பதற்காக நல்ல உடல்நலம் உள்ளவர் நாற்காலி கேட்கும் வழக்கம் நம்மிடையே இருந்தால், அதையும் நாம் நிறுத்த வேண்டும். அது இயலாதவருக்குரிய அமானிதம்.

முத்துக் குளிப்பவர் மூழ்கும்போது கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார் என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. கயிறு பிடிப்பவரை நம்புவதில் மூழ்குபவருக்கு இழிவு எதுவும் இல்லை. நாற்காலி தள்ளும் கையை ஏற்பதும் அவ்வாறே. பிறருக்குச் சிரமம் என்று கூச்சப்பட்டு வாப்பாவையோ உம்மாவையோ வீட்டில் விட்டுச் செல்லும் நிலை இனி வேண்டியதில்லை. கேட்பது யாசகமன்று, உரிமை. அதை முன்கூட்டியே, சரியாகக் கேட்பது பிள்ளைகளாகிய நம் கடமை.