சர்டிபிகேட், டிப்ளோமா, டிகிரி: கையெழுத்துப் போடும் முன் நிலையைக் கேளுங்கள்

பாகான் நக்கோடா ஓமார் - எஸ்பிஎம் முடிவுகள் வந்துவிட்டால் போதும், கல்லூரிகளின் துண்டுப் பிரசுரங்கள் தோட்டத்து வீடுகள் வரை வந்து சேரும். பிள்ளை எங்காவது சேர்ந்ததும் "யூனிவர்சிட்டியில் படிக்கிறான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். படிப்பது சான்றிதழா, டிப்ளோமாவா, பட்டமா என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை. பட்டமளிப்பு விழாவில் எல்லாரும் அங்கியும் தொப்பியும் அணிவதால், கூடத்தில் மாட்டிய படத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் வேலைக்கு மனு செய்யும்போது அந்த வித்தியாசம் சம்பளத்தில் தெரியும்.

எட்டு நிலைகள்

நாட்டின் உயர்கல்வித் தகுதிகளை எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனம் வரையறுக்கிறது. 2007ஆம் ஆண்டின் 679ஆவது சட்டத்தின் கீழ் அமைந்த இந்நிறுவனம் தகுதிகளை 8 நிலைகளாகப் பிரித்துள்ளது.

1 முதல் 3 வரை: சான்றிதழ், மலாயில் சிஜில். 3ஆம் நிலைக்குக் குறைந்தது 60 கிரெடிட் மணி.
4: டிப்ளோமா. 90 கிரெடிட் மணி. பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்.
5: உயர்நிலை டிப்ளோமா.
6: இளங்கலைப் பட்டம், மலாயில் இஜாசா சர்ஜானா மூடா. 120 கிரெடிட் மணி. மூன்று முதல் நான்கு ஆண்டுகள், மருத்துவத்திற்கு ஐந்து.
7: முதுகலை, மலாயில் சர்ஜானா.
8: முனைவர் பட்டம்.

'சர்ஜானா மூடா'வையும் 'சர்ஜானா'வையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவோர் உண்டு. 'மூடா' என்ற சொல் இருந்தால் அது முதல் பட்டம். இல்லையென்றால் அதற்கு மேற்பட்ட பட்டம்.

அரசாங்க வேலையில் இந்த நிலைகள் நேரடியாகச் சம்பளத்தை முடிவு செய்கின்றன. முன்பு எஸ்பிஎம் தகுதிக்கு கிரேட் 19, டிப்ளோமாவுக்கு 29, பட்டத்திற்கு 41 என்று இருந்தது. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள புதிய முறையில் அவை 1, 5, 9 ஆகியுள்ளன.

எந்த வழியில் போகலாம்?

எஸ்பிஎம்மில் பொதுவாகக் குறைந்தது ஒரு பாடத்தில் கிரெடிட் இருந்தால் சான்றிதழ்ப் படிப்பு, மூன்று இருந்தால் டிப்ளோமா, ஐந்து இருந்தால் அசாசி எனப்படும் அடித்தளக் கல்வி. இவை குறைந்தபட்ச அளவுதான். துறைக்கேற்பக் கணிதம், அறிவியல், ஆங்கிலம் எனக் கூடுதல் நிபந்தனைகள் இருக்கும்.

பட்டப்படிப்புக்குப் போக ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், அசாசி, டிப்ளோமா ஆகிய வழிகள் உள்ளன. மெட்ரிகுலேஷனும் அசாசியும் பட்டப்படிப்புக்கான நுழைவாயில் மட்டுமே. பாதியில் நின்றுவிட்டால் கையில் மிஞ்சுவது எஸ்பிஎம்தான். ஆறாம் படிவத்தை முடித்தால் எஸ்டிபிஎம் சான்றிதழ் கையில் இருக்கும்; வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கின்றன. டிப்ளோமா கொஞ்சம் நீண்ட வழி. ஆனால் குடும்பச் சூழலால் பட்டம் வரை போக முடியாவிட்டாலும் டிப்ளோமாவை வைத்து வேலைக்குப் போகலாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்புவோர் ஆசிரியர் கல்விக் கழகத்தின் பிஐஎஸ்எம்பி பயிற்சியைக் கவனிக்கலாம். அதில் கிடைப்பது 6ஆம் நிலைக்குரிய இளங்கலைப் பட்டம்.

கைத்தொழிலுக்கும் படி உண்டு

எஸ்கேஎம் எனப்படும் திறன் சான்றிதழைக் குறைத்து எடைபோட வேண்டாம். எஸ்கேஎம் 1, 2, 3 என்பவை அதே எண்ணுள்ள நிலைகளில் நிற்கின்றன. அதற்கு மேல் டிகேஎம் 4ஆம் நிலை, டிஎல்கேஎம் 5ஆம் நிலை. எஸ்பிஎம்மில் தவறியவர்களும் அடிநிலையில் தொடங்கிப் படிப்படியாக டிப்ளோமா நிலைக்கு வரலாம். பட்டறையில் பல ஆண்டு வேலை செய்த வெல்டர், மெக்கானிக் போன்றோர் மீண்டும் வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி எஸ்கேஎம் பெறும் பிபிடி முறையும் உள்ளது.

வேலை அனுபவத்தைக் கொண்டு கல்லூரிக்குள் நுழைய ஏபெல் என்ற மதிப்பீடு இருக்கிறது. டிப்ளோமாவுக்கு 20 வயதும் பட்டத்திற்கு 21 வயதும் கடந்தவர்கள், துறை சார்ந்த அனுபவம் இருந்தால் மனு செய்யலாம்.

நம் வட்டாரத்தில்

பாகான் நக்கோடா ஓமாருக்கு அருகே, சுங்கை ஆயர் தாவாரில் சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் உள்ளது. பாலிடெக்னிக்கில் பெரும்பாலும் டிப்ளோமா படிப்புகள். கோல சிலாங்கூர் மாவட்டத்தின் பெஸ்தாரி ஜெயாவில் யூனிசெல் எனப்படும் சிலாங்கூர் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கு டிப்ளோமாவும் உண்டு, பட்டமும் உண்டு. பல்கலைக்கழகத்தில் படித்தாலும் டிப்ளோமா 4ஆம் நிலைதான். கட்டடத்தின் பெயரைப் பார்த்து நிலையை முடிவு செய்யக்கூடாது.

சரிபார்ப்பது எப்படி?

அங்கீகாரம் பெற்ற படிப்புகள் அனைத்தும் எம்கியூஆர் என்ற பதிவேட்டில் இருக்கும். எம்கியூஏ இணையத்தளத்தில் கல்லூரியின் பெயரையோ படிப்பின் பெயரையோ தட்டினால் கைப்பேசியிலேயே பார்க்கலாம், கட்டணம் இல்லை. கல்லூரி காட்டும் எண்ணில் 'எஃப்ஏ' என்றிருந்தால் முழு அங்கீகாரம். 'பிஏ' என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம். கல்லூரிக்கு அனுமதி இருப்பதால் அங்கு நடக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் அங்கீகாரம் இருப்பதாக அர்த்தமில்லை. 'எக்சிகியூட்டிவ் டிப்ளோமா' என்ற பெயரும் அந்த எட்டு நிலைப் பட்டியலில் இல்லை.

அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் கடன் கிடைக்காது. கடன் கிடைத்துப் படிக்கத் தொடங்கியவர் பாதியில் விட்டாலும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டியாக வேண்டும்.

ஆகவே, முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எத்தனையாவது நிலை? எம்கியூஏ எண் என்ன? முடித்தபின் அடுத்த நிலைக்கு எங்கே போகலாம்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உடனே பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.