லூசியானாச் சதுப்புநிலமும் முதலைத்தோல் வாணிகமும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்புறத்தே, மிசிசிப்பிப் பேராறு கடலொடு கலக்கும் லூசியானா மாநிலத்திலே பரந்து கிடக்கும் சதுப்புநிலங்கள் அலிகேற்றர் என்னும் முதலையினத்தின் உறைவிடங்களாம். அகன்ற மூஞ்சியும், வாய் மூடியவழிக் கீழ்த்தாடைப் பற்கள் வெளித்தோன்றாமையும் அதனை நம் நாட்டு முதலைகளினின்றும் வேறுபடுத்திக் காட்டும். அதன் வயிற்றுப்புறத் தோல் மென்மையும் உறுதியும் ஒருங்கே வாய்ந்தது. அத்தோலே அவ்விலங்கிற்குக் கேடாய் முடிந்தது.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே தென்மாநிலப் படையினர்க்குக் காலணியும் சேணமும் செய்தற்கு முதலைத்தோல் பயன்பட்டது. போர் ஒழிந்தும் அத்தோலின் வேட்கை ஒழிந்திலது. நியூயோர்க்கிலும் ஐரோப்பிய நகரங்களிலும் முதலைத்தோற் கைப்பையும் பாதரட்சையும் செல்வர்தம் நாகரிகமாயின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முதலைகளின் தொகை பெரிதும் அருகிவிட, 1962 இல் மாநில அரசு வேட்டையை முற்றாக நிறுத்தியது. 1967 இல் மத்திய அரசும் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் அலிகேற்றரைச் சேர்த்தது.

எனினும், களவாகக் கொன்ற முதலையின் தோல் அயல் மாநிலத்துக்குச் சென்றதும் விலைபோயிற்று. மாநில எல்லை கடக்கும் அத்தோலைத் தடுக்கும் வலிமை 1969 ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தினாலேயே கிடைத்தது. அதன்பின் களவு தளர்ந்தது, முதலைகளும் பெருகின. ஆயின் மற்றொரு வினா எஞ்சி நின்றது. கரையோரச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி தனியாருடைமை. நீரை வடித்துப் பயிர்நிலமாக்கினால் வருவாய் உண்டு. முதலையை வாழவிட்டால் யாதுமில்லை. அந்நிலையில் உடைமையாளர் சதுப்பைச் சதுப்பாகவே விட்டுவைப்பாரோ?

விடை காண உதவியவருள் முதன்மையானோர் றொக்பெல்லர் வனவிலங்குச் சரணாலயத்தில் ஆராய்ந்த ரெட் ஜோனன், லாரி மக்னீஸ் என்போர். முட்டையிட்ட பெண்முதலை கூட்டையும் குஞ்சுகளையும் காத்துச் சதுப்பின் உட்பகுதியிலே தங்கும். பெரிய ஆண்முதலைகளோ வாய்க்கால்களிலும் ஆழ்நீரிலும் திரியும். ஆதலின் செப்தெம்பர் மாதத்தில் ஆழ்நீரில் நிகழும் வேட்டை பெரும்பாலும் ஆண்முதலைகளையே தாக்கும். வேட்டைக்குரிய காலத்தை விலங்கின் வாழ்க்கையே வகுத்துத் தந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

1972 செப்தெம்பரில் கமறன் என்னும் ஒரு மாவட்டத்தில் மட்டும் வேட்டை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வானூர்தியிலிருந்து கூடுகளை எண்ணி, நிலத்தின் தன்மைக்கும் பரப்புக்கும் ஏற்ப இலக்கமிட்ட அடையாள வில்லைகள் வழங்கப்பட்டன. ஒரு முதலைக்கு ஒரு வில்லை. கொன்றவுடன் அதனை வாற்பகுதித் தோலிற் பூட்டவேண்டும். பூட்டியதைக் கழற்றி வேறொன்றிற் பொருத்துதல் இயலாது. வில்லையில்லாத் தோலுக்குச் சந்தையில்லை. 1981 இல் இம்முறை மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. கொன்று காத்தல் என்பது கொல்லாமையைப் பேரறமாகக் கொண்ட நம்மவர் செவிக்கு இனிதன்று. ஆயினும் நிகழ்ந்ததை மறைத்தல் வரலாற்றுக்கு ஆகாது. தடை முதலையின் தொகையை மீட்டது. வில்லையோ அது வாழும் நிலத்துக்கு ஒரு விலையைத் தந்தது.

ஏற்றுமதி மட்டும் சிலகாலம் அடைபட்டுக் கிடந்தது. 1973 இல் உவாசிங்டனில் உருவாகி 1975 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை, அலிகேற்றரை வாணிகம் விலக்கப்பட்ட முதலாம் அட்டவணையில் வைத்தது. 1979 இல் அது இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப்படவே, அனுமதிப்பத்திரத்துடன் தோல்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன.

1986 முதல் முட்டை சேகரிப்பும் வழக்காயிற்று. பண்ணையாளர் நிலவுடைமையாளருக்கு விலைகொடுத்து முட்டைகளைப் பெற்றுப் பொரிக்கவைப்பர். வெள்ளத்துக்கும் பகைவிலங்குகளுக்கும் இரையாகும் பருவத்தைக் குஞ்சுகள் பண்ணையிலே கடந்தபின், அவற்றுள் ஒரு பங்கு ஏறக்குறைய நான்கடி நீளம் எய்தியதும் சதுப்புக்கே மீளும். அப்பங்கு தொடக்கத்தில் நூற்றுக்கு 17. முதலைகள் பெருகப் பெருகப் பின்னர்க் குறைக்கப்பட்டது. 1987 இல் அலிகேற்றர் அழிவினின்றும் மீண்டதென மத்திய அரசு அறிவித்தது. எனினும், அருகிவரும் ஏனைய முதலைகளின் தோலை அலிகேற்றர்த் தோலென்று காட்டி விற்றல் கூடுமாதலின், கட்டுப்பாடு நீக்கப்படவில்லை.

இவ்வேற்பாட்டின் வலுவின்மை சதுப்பிலன்று, தொலைவிலுள்ள ஆடம்பரக் கடைகளிலேயே உளது. 2008 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்துத் தோல் வாங்குவோர் குறைந்தனர். 2009 இல் பண்ணையாளர் முட்டை சேகரிப்பைப் பெரிதும் சுருக்கினர். நிலவுடைமையாளரின் வருவாயும் அதனொடு வீழ்ந்தது. எடுப்பாரற்ற முட்டைகள் அவ்வாண்டு கூடுகளிலேயே விடப்பட்டன.