விண்வெளியில் ஒரு ஒண்டுக்குடித்தனம்

ஜூன் மாதம் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோர் கண்ணும் மேற்கு மலை மேல்தான். தென்மேற்குப் பருவமழை தேக்கடிப் பக்கம் பிடித்தால்தான் பெரியாறு அணைக்குத் தண்ணீர். அதை நம்பித்தான் லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல். மேகம் அரபிக்கடலில் எங்கே நிற்கிறது என்று செய்தியில் ஒரு படம் காட்டுவார்கள் இல்லையா, அதை எடுக்கும் கேமராவுக்கு முதலில் சொந்த வீடே கிடையாது. தொலைபேசி, டிவிக்கான செயற்கைக்கோளில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது!

அமெரிக்கா 1975லேயே வானிலைக்கு என்று தனியாக கோஸ் வரிசையை ஆரம்பித்துவிட்டது. நமக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் தொலைபேசி, டிவி, வானிலை மூன்றையும் ஒரே கோளில் ஏற்றுவது என்று முடிவானது. அதுதான் இன்சாட். லாபம் புரிகிறது: ஒரே ராக்கெட், ஒரே மின்சாரம், கர்நாடகாவின் ஹாசனில் ஒரே கட்டுப்பாட்டு நிலையம்.

சிக்கல் எங்கே வந்தது என்பதுதான் சுவாரசியம். மேகங்களை இரவிலும் பார்க்க வேண்டுமென்றால் அகச்சிவப்பு உணரி வேண்டும். அதைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்காக ஒரு குளிர்விப்பான் எப்போதும் இருண்ட விண்வெளியைப் பார்த்தபடி இருக்கும். அந்தப் பக்கம் சோலார் பேனல் இருந்தால் அதன் சூடு இதைக் கெடுத்துவிடும். ஆகவே பேனலை ஒரே பக்கமாக வைத்தார்கள். சூரிய ஒளிக்கும் மெல்லிய அழுத்தம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பேனல் இருந்தால் கோள் மெல்ல மெல்லச் சாயும். சமன் செய்ய மறுபக்கம் நீண்ட கம்பில் ஒரு பாய் கட்டினார்கள். சோலார் செயில் என்று பெயர். ஆக, வாடகைக்கு வந்தவருக்காக வீட்டையே இடித்துக் கட்டியாகிவிட்டது.

ஃபோர்டு ஏரோஸ்பேஸ் செய்த இன்சாட்-1ஏ 1982 ஏப்ரல் 10 அன்று கிளம்பியது. முதலில் ஒரு ஆண்டெனா திறக்க மறுத்து, பிறகு வழிக்கு வந்தது. பாய் மட்டும் கடைசி வரை விரியவே இல்லை. தடுமாற்றங்களுக்கு நடுவே எரிபொருள் தீர்ந்து, செப்டம்பர் 6 அன்று கைவிடப்பட்டது. ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. தொலைபேசி, டிவி, வானிலை மூன்றும் ஒரே நாளில் போயின. எல்லா முட்டையும் ஒரே கூடையில் என்று சும்மாவா பயமுறுத்துகிறார்கள்?

1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடத்தில் போன இன்சாட்-1பி-யும் முதலில் பேனல் விரியாமல் வயிற்றில் புளியைக் கரைத்தது. பிறகு பல ஆண்டுகள் ஒழுங்காக உழைத்து மானத்தைக் காப்பாற்றியது.

2002 செப்டம்பர் 12 அன்று பி.எஸ்.எல்.வி.-சி4 மூலம் வானிலைக்கு என்றே மெட்சாட் போனது (மறு ஆண்டு கல்பனா-1 என்று பெயர் மாற்றினார்கள்). ஒருவழியாகச் சொந்த வீடு! 2013ல் போன இன்சாட்-3டி-யும் வானிலைக் கோள்தான். ஆனால் அதிலும் ஆபத்தில் சிக்கியவர்களின் அபாயச் சிக்னலை எடுத்துக்கொடுக்கும் ஒரு டிரான்ஸ்பாண்டரை ஏற்றினார்கள். நேற்றைய குடித்தனக்காரர் இன்றைக்கு வீட்டுக்காரர்.

என் கணிப்பில் அன்றைய முடிவு தவறில்லை. தனிக்கோளுக்குக் காத்திருந்தால் இருபது வருடம் நம் மேலே நமக்கென்று ஒரு கேமராவே இருந்திருக்காது.

இப்போது ராக்கெட்டின் நான்காம் கட்டத்தைக்கூட விடுவதில்லை. 2024 டிசம்பர் 30 அன்று போன பி.எஸ்.எல்.வி.-சி60ன் அந்தப் பகுதியில் 24 கருவிகள் குடியேறின. பத்து, இஸ்ரோவுக்கு வெளியே இருந்து வந்தவை. இஸ்ரோவின் பெட்டி ஒன்றில் தட்டைப்பயறு விதைகள் நாலே நாளில் முளைவிட்டன. 2025 ஏப்ரலில் அந்த நான்காம் கட்டம் வளிமண்டலத்தில் விழுந்தபோது, ஏறியிருந்த எல்லாக் கருவிகளும் அதோடு சேர்ந்தே முடிந்தன.