சாயம் ஓடாத துணி

கீழ்பென்னாத்தூரினின்று செஞ்சி, திண்டிவனம் மார்க்கமாய்க் கிழக்கே சென்றால் கடற்கரையை அடைகிறோம். அக்கரையில் எழுதப்பட்ட வண்ணத்துணிகளை 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் விரும்பி வாங்கிப் பஞ்சடைத்த போர்வைகளாகத் தைத்துக்கொண்டனர். வெளுத்தாலும் சாயம் ஓடாமையே அவற்றின் பெருமை.

சூட்சுமம் யாதெனின், துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பின்னரே படிகார நீரால் சித்திரம் எழுதுவர். பாலின் கொழுப்பு கோட்டைப் பரவவொட்டாது தடுக்கும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சாயவேரின் சிவப்பு நிலைத்துப் பற்றும். புதுச்சேலையை உப்புநீரில் ஊறவைக்கும் நம் வீட்டுவழக்கம் இத்துணை உறுதி தாராது.

இம்மறையைத் தென்னாட்டிலிருந்த இயேசு சபைக் கெர்தூ பாதிரியார், புதிதாய்க் கிறிஸ்தவரான சாயக்காரரிடம் விசாரித்தறிந்து, 1742-இல் கடிதமாய் எழுதினார். அது பிரான்சில் அச்சேறிற்று. சொன்னவர்கள் அதன் விலையை அறிந்திருந்தார்களோ! 1868-இல் ஜெர்மானியர் அச்சிவப்பையே ஆய்வுக்கூடத்தில் செய்தனர். நாளடைவில் சாயவேர் தோண்டுவோர்க்கு வேலையற்றுப் போயிற்று.