பல்புக்கும் ஞாபகசக்தி உண்டு!

கல்லூரி லேப்ல வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர் கட்டினப்போ எனக்கு சைன் அலை வரவே இல்லை. தலையைச் சீவின மாதிரி மேலேயும் கீழேயும் தட்டையா நின்னுது. சீனியர் ஒருத்தர் வந்து, ஒரு ரெசிஸ்டரைப் பிடுங்கிட்டு குட்டி பல்பு ஒண்ணைச் செருகினார். அலை அழகா வளைஞ்சிடுச்சு! காரணம் கேட்டா சிரிச்சிட்டுப் போயிட்டார்.

விஷயம் இதுதான். இந்தச் சுற்றில் பெருக்கம் சரியாக 3 இருக்கணும். குறைஞ்சா அலை செத்துடும், கூடினா தலை வெட்டுப்படும். பல்பு இருந்தால், அலை பெருசாகும்போது இழை சூடாகி அதன் தடை ஏறும், பெருக்கம் தானாகக் குறையும். இழை மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். அதாவது, சற்று முன்பு ஓடிய மின்னோட்டத்தை அது ஞாபகம் வைத்திருக்கிறது!

1939-ல் பில் ஹியூலெட் தன் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் செய்தது இதைத்தான். அந்த ஆசிலேட்டர்தான் ஹியூலெட்-பேக்கர்ட் கம்பெனியின் முதல் சரக்கு. 'ஃபேன்டேசியா' (1940) படத்துக்காக டிஸ்னி எட்டு வாங்கினார்கள்.

1971-ல் லியான் சுவா, மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி மூன்றோடு நாலாவதாக ஒன்று இருக்கணும்னு கணக்குப் போட்டு, மெம்ரிஸ்டர் என்று பேர் வைத்தார். 1976-ல் அவரும் காங்கும் இலக்கணத்தை விரித்தபோது, சூட்டால் தடை மாறும் தெர்மிஸ்டரும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. அதே கணக்கில் நம்ம பல்பும் உறவுக்காரர்தான். பேர் வைக்கும் முன்பே பிள்ளை சம்பாதிக்க ஆரம்பிச்சிடுச்சு :-)

2008-ல் டைட்டானியம் டை ஆக்சைடில் மெம்ரிஸ்டர் கிடைத்ததாக ஒரு குழு அறிவித்தது. எந்தக் கம்பெனி? அதே ஹியூலெட்-பேக்கர்ட்! அந்த வருஷமே இட்டோவும் சுவாவும் மெம்ரிஸ்டர் வைத்த ஆசிலேட்டர்கள் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1971-ல் சொன்ன அசல் சரக்கு இதுதானா என்ற சண்டையும் பின்னாடியே கிளம்பியது.

யார் கண்டுபிடிச்சாங்கன்னு சண்டை போடுறவங்க போடட்டும். புதுசுன்னு நாம கொண்டாடுவது, பல நேரம் பழைய பெட்டிக்குள்ளே பேரில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அன்னைக்கு நான் ரெசிஸ்டருக்குத் தந்த மரியாதையை அந்தக் குட்டி பல்புக்குத் தரலையேன்னு இப்போ வருத்தமா இருக்கு.